செயலாளர் ஆண்டறிக்கை: பயிற்சி அட்டவணையும் மென்பொருள் கிராக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

சந்தா, வரவு செலவு எல்லாம் தணிக்கையாளர் அறிக்கையில் உள்ளன. சிப் வடிவமைப்பு மென்பொருள்களுக்கு எவ்வளவு கிராக்கி என்பதை, அவற்றை விற்கும் நிறுவனங்களின் பயிற்சி அட்டவணையிலிருந்து கணிக்கும்படி சென்ற பொதுக்குழு ஒப்படைத்தது. அந்தப் பணியை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

இம்மென்பொருள்களை விற்கும் சினாப்சிஸ், கேடென்ஸ், சீமென்ஸ் மூன்றும் ஒவ்வொரு மென்பொருளும் எவ்வளவு விற்றது என்று தனித்தனியாக வெளியிடுவதில்லை. பெரிய வாடிக்கையாளர்கள் பல மென்பொருள்களுக்குச் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகச் சில ஆண்டுகளுக்கு லைசென்ஸ் எடுப்பதால், கேடென்ஸின் மென்பொருள்களான வர்ச்சுவோசோவுக்கு எவ்வளவு, இன்னோவஸுக்கு எவ்வளவு என்று காலாண்டுக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது. பயிற்சி வகுப்பு அட்டவணை மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

திங்கட்கிழமைதோறும் அட்டவணையை நகலெடுத்து வைக்கிறோம். ரத்தான வகுப்பு சுவடே இல்லாமல் மறைந்துவிடும். போன வார நகல் இல்லையென்றால் அப்படி ஒரு வகுப்பு இருந்ததே தெரியாது. விரிதாளில் வகுப்புக் குறியீட்டு எண், பதிப்பு, தேதி, ஊர், தொடங்கும் நேரம், காலி இடம் உண்டா இல்லையா ஆகியவற்றைப் பதிகிறோம். பதிப்போடு தலைப்பும் மாறுவதுண்டு. எனவே குறியீட்டு எண்ணையே பிடித்துக்கொள்ள வேண்டும். நேரமும் முக்கியம். குளிர்காலத்தில் நம் மதியம் 1:30 என்பது ஜெர்மனியில் காலை 9 மணி. அந்த ஆன்லைன் வகுப்பை இந்தியக் கிராக்கியில் சேர்க்கலாகாது.

அறிவிப்பு நிறுவனத்தின் ஆசையைத்தான் காட்டும். ‘இடமில்லை’ என்று வந்தபின் அதே குறியீட்டில் இன்னொரு தேதி முளைத்தால்தான் கிராக்கி. பெங்களூரு என்றிருந்தது ஆன்லைன் ஆகி, தேதியும் தள்ளிப்போனால் ஆள் சேரவில்லை என்று கொள்ளலாம்.

கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. 2018-இல் சினாப்சிஸின் ஃபியூஷன் கம்பைலர் என்ற மென்பொருள் வந்தபோது போல, புதிய மென்பொருள் வந்தால் பழைய பயனர்களே மாறுதல் வகுப்புக்கு வருவார்கள். வகுப்பு பெருகும், வாடிக்கையாளர் பெருகமாட்டார். இத்தகைய மாறுதல் வகுப்புகளுக்கு விரிதாளில் தனிப் பத்தி வைத்துள்ளோம். சிஸ்டம்வெரிலாக் என்ற சிப் வடிவமைப்பு மொழி, யுவிஎம் என்ற சரிபார்ப்பு முறை ஆகியவற்றின் வகுப்புகளை எந்த நிறுவனத்தின் கணக்கிலும் எழுதுவதில்லை, மூவரின் சிமுலேட்டரிலும் (வடிவமைப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) அவை ஓடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சிப்இன் மையம் வழியாகக் கல்லூரிகளுக்குக் கிடைக்கும் மென்பொருளுக்கான பயிற்சி, அரசு திட்டத்தின் வேகத்தைத்தான் காட்டும். லைசென்ஸ் வாங்கிய பிறகே பெரும்பாலோர் பயிற்சிக்கு வருவதால், அட்டவணையில் தெரிவது போன ஒப்பந்தத்தின் பயன்பாடு. அடுத்த புதுப்பிப்பைக் கணிக்கத்தான் அது உதவும்.

பெரிய குறை ஒன்று மீதி. ஆள் பலமுள்ள நிறுவனங்கள் பயிற்றுநரைத் தம் அலுவலகத்துக்கே வரவழைக்கின்றன. அந்த வகுப்பு எந்த அட்டவணையிலும் வராது. ஆகவே பொது வகுப்பு குறைந்ததை மட்டும் வைத்துக் கிராக்கி விழுந்தது என்று அறிக்கை தர நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. தம் அலுவலகத்தில் நடந்த வகுப்பின் மென்பொருள் பெயரையும் மாதத்தையும் மட்டும், நிறுவன விதி அனுமதித்தால், உறுப்பினர்கள் பெயரின்றித் தரலாம் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்