மகளிர் சங்கப் பொதுக்குழு: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

தையல் வகுப்பு, கண் சிகிச்சை முகாம், மகளிர் தின விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. விவரம் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நாம் துணை நிற்கும் பணியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதித்திருப்பதால், பெயரோ ஊரோ இதில் இராது.

இவர்களுக்காக அரசு நிதியே ஒதுக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை; அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதுதான் நம் குறை. 2012-இல் டெல்லியில் ஒரு மாணவி ஓடும் பேருந்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பிறகு, 2013 மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. அந்த நிதியில் 2015 முதல் சகி ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. சிகிச்சை, புகார், சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நடத்துபவர்கள் தொகுப்பூதியப் பணியாளர்கள். நாம் போய்வரும் ஒரு மையத்தில் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனதால் ஆலோசகர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் ஒரு பெண் நடந்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது. இந்த வேதனையை எந்தத் தணிக்கை அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, முதல் நாள் செலவு. மருத்துவப் பரிசோதனையின்போது உடுத்தியிருந்த துணியைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றுத் துணி இல்லாமல், பாட்டியின் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியை நம் உறுப்பினர்கள் பார்த்தார்கள். அன்றிலிருந்து சுடிதார், உள்ளாடை, சோப்பு, துண்டு, பிஸ்கட் வைத்த பை ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறோம். அதற்கான செலவு முழுவதும் உங்கள் சந்தாப் பணம்.

இது நம் தலையில் விழ வேண்டிய செலவே அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி, உணவு, உடை, பயணம் போன்ற அவசரத் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக்குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். வழக்கு முடியும்வரை கூட வரும் ஆதரவு நபருக்கும் அரசுதான் ஊதியம் தர வேண்டும். இந்த விதியைச் சொன்னபோது, "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று ஓர் அலுவலகத்தில் நம்மையே திருப்பிக் கேட்டார்கள்.

பல பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் தீர்ப்பு வந்தபோது எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மனம் நிறைந்தது. ஆனாலும் 2019-இல் புகார் கொடுத்ததிலிருந்து ஆறு ஆண்டுகள்! அத்தனை காலமும் பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, ஆலோசனை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமல்லவா? குழந்தைகள் பாதிக்கப்பட்ட போக்சோ வழக்குகளில், தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படிப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் அதைக் கேட்டு மனுப்போட நாம் உதவ வேண்டும்.

மையப் பணியாளர்களுக்கு மாதந்தோறும் சம்பளம், முதல் வாரத்திலேயே அவசர உதவி, ஆதரவு நபர்களுக்கு நிலுவையின்றி ஊதியம் என்ற கோரிக்கைகளோடு மனு எழுதியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் அதைக் கொடுக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் பொருளாளரிடம் வாங்கிப் போட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்