எந்தத் தெரு வந்திருக்கிறது?

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்
23.11.2025

அன்புள்ள சுடலைமுத்துவுக்கு,

உன் வாட்ஸ்அப் குரல் பதிவு வந்தது. பதினோரு நிமிடம்! நான் அழைத்துப் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். அதனால்தான் பழைய வழக்கப்படி கடிதம். படித்து முடிக்கும் வரை குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் முழங்கால். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாடி ஏறுகிறாயாமே? மதினி என் வீட்டுக்காரியிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்கள். இருபது வருஷமாக பூத் ஏஜெண்ட் வேலை பார்த்தது போதாதா? கீழ்வீடுகளை மட்டும் நீ பார், மாடிக்கு உன் அக்கா மகனை அனுப்பு.

இங்கே எல்லாரும் சுகம். தோட்டத்தில் இலை வாரி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. சின்னவன் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவனும் இந்த முறை மம்தானி ஜெயித்த மேயர் தேர்தலில் ஓட்டுப் போட்டான். அதிலிருந்து அவனும் உன்னைப் போலத்தான் பேசுகிறான்: "ப்ரைமரியிலேயே கூட்டம் அலைமோதியது அப்பா, அப்போதே தெரிந்துவிட்டது." (ப்ரைமரி என்றால், கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் முன்தேர்தல்.) நீ கேட்டதும் அதேதான். ப்ரைமரியில் வாக்குப்பதிவு கூடினால் அது ஜெயிக்கிற வேட்பாளருக்கு வந்த கூட்டம்தானே என்று.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 2024 ஜனவரி 23 அன்று, ஜனாதிபதி தேர்தலுக்கான ப்ரைமரிக்கு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து உள்விளையாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றபோது அந்த எண்ணம் போய்விட்டது.

இந்த மாநிலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வாக்காளர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேர் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். நானும் அதில் ஒருவன். ப்ரைமரி அன்று போய் மேசையில் பெயரைச் சொன்னால், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள். குடியரசுக் கட்சி என்று சொன்னால் அந்த நிமிடம் நீ குடியரசுக் கட்சிக்காரன். ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வரும்போது இன்னொரு மேசை இருக்கும். அதில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் கட்சி இல்லாதவன் ஆகிவிடலாம். ஐந்து நிமிடக் கட்சி உறுப்பினர்! நம்மூரில் தேர்தல் நேரத்துக் கட்சித் தாவலுக்குக்கூட இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

அன்றைக்கு எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடமாக ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர். அவர் குடியரசுக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கினார். அந்தக் கட்சிக்குள் ட்ரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்காம். "நவம்பரில் அந்த அம்மா நின்றால் ஓட்டுப் போடுவீர்களா?" என்று கேட்டேன். "எதற்கு?" என்றார். அவருக்கு வேண்டியது ட்ரம்பை நிறுத்துவது, அவ்வளவுதான். ஜனநாயகக் கட்சிப் பக்கம் போய்ச் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. அந்தக் கட்சி முதல் ப்ரைமரியை சவுத் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டதால் இங்கே சீட்டில் பைடன் பெயரே கிடையாது. வேண்டுமானால் கையால் எழுதிப் போட வேண்டும். நான் பார்த்த நேரத்தில் சீட்டு வாங்கும் மேசையைவிட, வெளியே கையெழுத்துப் போட்டுக் கட்சியை விட்டு விலகும் மேசையில்தான் கூட்டம் அதிகம்.

அன்று குடியரசுக் கட்சி ப்ரைமரியில் விழுந்த ஓட்டு சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம். இந்த மாநிலத்தில் அந்தக் கட்சிக்கு அதுவரை இல்லாத கூட்டம். 2016-ல் ஏறத்தாழ 2 லட்சத்து 85 ஆயிரம்தான். ட்ரம்ப் 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ஹேலிக்கு 43. தொலைக்காட்சியில் அன்று ராத்திரி முழுக்க, கட்சியில் எவ்வளவு எழுச்சி என்று அதையே சொன்னார்கள். நவம்பரில் என்ன ஆயிற்று? நாடு முழுக்க ஜெயித்த ட்ரம்ப் எங்கள் மாநிலத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். சாதனைக் கூட்டத்தில் எங்கள் தெரு ஆசிரியர் மாதிரி எத்தனை பேர் நின்றார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

சரி, அப்படியானால் கட்சிக்குள்ளேயே ஹேலிக்கு விழுந்த ஓட்டு ட்ரம்புக்கு ஆபத்து என்று திருப்பிப் படிக்கலாமா? அப்படியும் படித்தார்கள், அதுவும் தப்பாயிற்று. ஹேலி மார்ச் 6-ம் தேதியே விலகிவிட்டார். ஏப்ரலில் பென்சில்வேனியாவில் ப்ரைமரி நடந்தபோது, போட்டியிலேயே இல்லாத அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. அங்கே எங்கள் ஊர் மாதிரி ஐந்து நிமிட உறுப்பினர் ஏற்பாடு கிடையாது, கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் போடலாம். ஆகவே அது சொந்தக் கட்சிக்காரர்களின் கோபம். "செத்தார் ட்ரம்ப்" என்றார்கள். நவம்பரில் அதே பென்சில்வேனியாவை அவர் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டில் பிடித்தார். கோபித்துக்கொண்டவர்களில் பலர் பந்தி போட்டதும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் போல.

கூட்டம் எதைக் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் போட்டி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத்தான். இதற்கு நல்ல பழைய உதாரணம் 1988. நாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடம். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி ப்ரைமரிகளில் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஓட்டு, குடியரசுக் கட்சியில் சுமார் 1 கோடியே 20 லட்சம். ஏறக்குறைய இரட்டிப்பு. காரணம், குடியரசுக் கட்சியில் மூத்த புஷ் மார்ச்சிலேயே விஷயத்தை முடித்துவிட்டார். ஜனநாயகக் கட்சியில் டுகாகிஸும் ஜெஸ்ஸி ஜாக்சனும் ஜூன் வரைக்கும் மல்லுக்கட்டினார்கள். நவம்பரில் புஷ் ஐம்பதில் நாற்பது மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார்.

ஆனால் இதை வைத்து, கூட்டத்துக்கு அர்த்தமே இல்லை என்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. 2008-ல் அயோவாவில் நடந்ததைப் பார். கடுங்குளிர் ஜனவரியில் ராத்திரி நேரத்துக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து ஆதரவைச் சொல்ல வேண்டிய முறை அது. 2004-ல் ஜனநாயகக் கட்சிக்கு வந்தவர்கள் ஒன்றேகால் லட்சம் பேர்வாக்கில். 2008-ல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அந்த வித்தியாசத்தில் ஒபாமாவுக்கென்றே புதிதாக வந்த இளவட்டங்கள் நிறைய. அவர் ஜெயித்தது அவர்களால்தான். இதை யாரும் மறுக்க முடியாது.

2016-ல் ட்ரம்ப் விஷயம் இரண்டுங்கெட்டான். குடியரசுக் கட்சி ப்ரைமரிகளில் மொத்தம் 3 கோடிக்கும் மேல் ஓட்டு, சாதனை. அதில் அவர் வாங்கியது சுமார் 1 கோடியே 40 லட்சம். அந்தக் கட்சியில் அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார், பாதிக்கும் குறைவு. அதாவது அந்தக் கட்சியின் சரித்திரத்தில் வெற்றி பெற்றவரை வேண்டாம் என்று சொன்னவர்கள் எண்ணிக்கையிலும் அது சாதனைதான். அவரைத் தூக்கிவிட வந்தவர்களும் அவரைத் தடுக்க வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். வரிசையின் நீளத்தை அளந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

(இடையில் ஒரு சிரிப்புச் செய்தி: நியூயார்க்கில் கட்சி மாறிப் பதிய ப்ரைமரிக்கு ஆறு மாதம் முன்பே கெடு முடிந்துவிட்டது. ட்ரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அதைத் தவறவிட்டதால் சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை!)

எனக்கு இந்த விஷயத்தில் பெரிய பாடம் 2020. பக்கத்து மாநிலமான வெர்மாண்ட்காரர் பெர்னி சாண்டர்ஸ். அவர் கூட்டத்துக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன், திருவிழா மாதிரி இருக்கும். அவருடைய வாதமே வாக்குப்பதிவுதான்: இதுவரை ஓட்டுப் போடாதவர்களை, குறிப்பாக இளைஞர்களை, நான் கொண்டுவருவேன். எங்கள் மாநிலத்தில் அந்த வருடம் ஜனநாயகக் கட்சி ப்ரைமரியில் ஏறத்தாழ 3 லட்சம் ஓட்டு விழுந்து சாதனை ஆயிற்று. சாண்டர்ஸ்தான் முதலிடம். ஆனால் அவருடைய சொந்த ஓட்டைப் பார். 2016-ல் ஹிலாரியை எதிர்த்து ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல், 2020-ல் எழுபத்தாறாயிரம். போட்டியாளர்கள் கூடிவிட்டார்கள் என்பது உண்மைதான், என்றாலும் சரிபாதி! கூட்டம் ஏறுகிறது, கூட்டத்தைக் கொண்டுவருவேன் என்றவரின் ஓட்டு இறங்குகிறது.

அப்புறம் பைடன். இங்கே ஐந்தாம் இடம், 8 சதவீதம். கையில் காசில்லை, கூட்டத்தில் நூறு நாற்காலி போட்டால் பாதி காலி. மூன்றே வாரத்தில் விர்ஜீனியாவில் 13 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2016-ல் எட்டு லட்சம்கூட இல்லை. அதில் பாதிக்கு மேல் பைடனுக்கு! அவர் அங்கே விளம்பரத்துக்குச் செலவழித்தது சொற்பம். வாஷிங்டனை ஒட்டிய புறநகர்களில் வீடு, பிள்ளை, கடன் என்று இருக்கிற நடுத்தர வயதுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். அங்கே கட்சிப் பதிவே கிடையாது, யாரும் எந்த ப்ரைமரியிலும் போடலாம். அந்த வருடம் அங்கே குடியரசுக் கட்சி ப்ரைமரியும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்து ஆட்களும் கொஞ்சம் வந்திருப்பார்கள். அவர்களில் யாரும் பைடன் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டவர்கள் இல்லை. ட்ரம்பைத் தோற்கடிக்க இவர் போதும் என்று கணக்குப் போட்டவர்கள். இதை ஈர்ப்பு என்பதா? என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நவம்பரில் ஜெயித்தது அந்தப் பெயரில்லாத சமாசாரம்தான். விர்ஜீனியா ப்ரைமரிக்கு மறுநாள் சாண்டர்ஸே, இளைஞர்களை நினைத்த அளவு கொண்டுவர முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அரசியல்வாதி ஒருவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது உன் மம்தானிக்கு வருகிறேன். ஜூன் 24, உடம்பு கொதிக்கிற வெயில். திருநெல்வேலி சித்திரை வெயில் என்று வைத்துக்கொள். ஜனநாயகக் கட்சி ப்ரைமரியில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் ஓட்டு. என் பையன் இதைத்தான் அலை என்கிறான். ஆனால் 2021-லேயே ஒன்பது லட்சத்துச் சொச்சம் விழுந்திருந்தது. மொத்தத்தைப் பார்த்தால் ஏதோ கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே பார்த்தால் வேறு கதை. முன்கூட்டியே வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2021-ஐவிட இரண்டு மடங்கு. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறவர்கள், வாடகை கட்டியே தேய்கிறவர்கள், முன்பு இல்லாத அளவுக்கு வந்தார்கள். அங்கே வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்க வேண்டும். மம்தானிக்கு முதல் விருப்ப ஓட்டிலேயே 43 சதவீதத்துக்கு மேல், மற்றவர்களின் அடுத்த விருப்பங்களைக் கூட்டியதும் 56. வருடத் தொடக்கத்தில் கருத்துக்கணிப்பில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. இது ஒபாமா வகை. ஆளுக்காக வந்த கூட்டம். இதில் உன்னோடும் சின்னவனோடும் எனக்குச் சண்டை இல்லை.

நவம்பரில் கதை கொஞ்சம் மாறியது. மொத்தம் இருபது லட்சத்தைத் தாண்டியது, 1969-க்குப் பிறகு அந்த ஊர் மேயர் தேர்தலில் இவ்வளவு கிடையாது. மம்தானிக்குப் பத்து லட்சத்துக்கு மேல், பாதியைச் சற்றே தாண்டிய வெற்றி. ஆனால் ப்ரைமரியில் அவரிடம் தோற்று, சுயேச்சையாக நின்ற முன்னாள் ஆளுநர் கூமோவுக்கும் எட்டரை லட்சத்துக்கு மேல் விழுந்ததே! கூமோ மேல் யாருக்கும் அவ்வளவு காதல் வந்துவிடவில்லை. மம்தானி வந்துவிடக் கூடாது என்று வந்தவர்கள் அவர்கள். அவர்களையும் வீட்டிலிருந்து கிளப்பியவர் மம்தானிதான் என்றால் அதையும் அவர் ஈர்ப்புக் கணக்கில்தான் எழுத வேண்டும், எதிர்ப்பக்கத்தில்.

துளசேந்திரபுரம் பெண்ணைப் பற்றியும் கேட்டிருந்தாய். கமலா ஹாரிஸ் 2020 ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரில், விலகிவிட்டார். 2024-ல் ப்ரைமரி எல்லாம் முடிந்த பிறகு வேட்பாளர் ஆனார். ஆக, அவர் பெயரில் ப்ரைமரிக் கணக்கே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று இங்கே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் அதில் தலையிடுவதில்லை.

நீ இதையெல்லாம் என்னிடம் கேட்பதுதான் வேடிக்கை. 1996-ல் உன் பூத்துக்கு நான் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? வெளியே ஆள் ஆளுக்கு "கூட்டம் கூட்டம்" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். நீ பட்டியலில் ஸ்கேலை வைத்து அடித்துக்கொண்டே, "மேலத்தெரு முடிஞ்சுட்டு, கீழத்தெரு இன்னும் அசையல" என்றாய். மொத்தம் எத்தனை சதவீதம் என்று நான் கேட்டதற்கு, அது தேர்தல் அதிகாரிக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாய்.

இந்த முறை படிவம் கொடுக்கப் போன இடத்தில் நம் பழைய தெருவில் யார் யார் பெயர் இன்னும் இருக்கிறது என்று எழுது. எங்கள் வீட்டை வாங்கியவர் மாடி எடுத்துவிட்டாராமே, அந்த வேப்பமரம் இருக்கிறதா? ஜனவரியில் வருகிறேன். மதினியிடம் நார்த்தங்காய் ஊறுகாய் சொல்லி வை. முழங்காலுக்கு நான் ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஆறுமுகம்