தள்ளுவண்டிக்காரருக்காக நீ பேச வேண்டும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ போனில் சொன்ன செய்தி மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் குடியிருப்புக்குள் பல வருடங்களாகக் காய்கறி விற்றுவரும் தள்ளுவண்டிக்காரரை, முஸ்லிம் என்ற ஒரே காரணத்துக்காக இனி வாசலோடு நிறுத்திவிட வேண்டுமென்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். "வாடகைக்கு இருக்கிறவன் நான், மதராஸி, இந்தியும் அரைகுறை, நான் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் கோபமாகப் பேசியிருப்பேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பேசத்தான் வேண்டும், கண்ணு. எப்படிப் பேசுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீ இருக்கிற டெல்லியிலேயே இதே வழக்கு ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. 1948 ஜனவரி 13 அன்று காந்தி அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். பிரிவினைக் கலவரத்தில் டெல்லி முஸ்லிம்களின் வீடுகளும் மசூதிகளும் பறிபோயிருந்தன. விரதத்தை முடிக்க அவர் கேட்ட ஏழு உறுதிகளைப் படித்துப் பார். கைப்பற்றிய மசூதிகளைத் திருப்பித் தர வேண்டும், முஸ்லிம்கள் பயமில்லாமல் ரயிலில் போக வேண்டும், சப்ஜி மண்டியிலும் கரோல் பாகிலும் பகார்கஞ்சிலும் முன்போல நடமாட வேண்டும் என்றெல்லாம் கேட்டார். அவற்றோடு, முஸ்லிம்களை வியாபாரத்தில் புறக்கணிக்கக் கூடாது என்பதும் ஓர் உறுதி. காய்கறி வாங்குவதைப் பற்றித்தான் அந்த எழுபத்தெட்டு வயதுக் கிழவர் பட்டினி கிடந்திருக்கிறார் என்று சொன்னால் தப்பில்லை. 18-ம் தேதி ஆர்.எஸ்.எஸ்., இந்து மகாசபைப் பிரதிநிதிகள் உட்பட எல்லாத் தரப்பினரும் வந்து வாக்குக் கொடுத்த பிறகுதான், மௌலானா ஆசாத் கையால் பழச்சாறு வாங்கிக் குடித்தார். (கூட்டத்தில் யாராவது பாகிஸ்தானுக்குக் கொடுத்த 55 கோடியைப் பற்றிக் கிளப்புவார்கள். அது பிரிவினைக் கணக்கில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணம். அந்த ஏழு உறுதிகளில் அது இல்லவே இல்லை. இதை மறக்காதே.)

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மசூதிகளில் அப்போது குடியிருந்தவர்கள் ரௌடிகள் அல்லர். மேற்குப் பஞ்சாபில் வீட்டையும் நிலத்தையும், பெற்ற பிள்ளைகளையும்கூடப் பறிகொடுத்துவிட்டு வந்த இந்து, சீக்கிய அகதிகள். டெல்லியின் ஜனவரிக் குளிர் உனக்கே தெரியும். அந்தக் குளிரில் அவர்களை வெளியேறச் சொன்னார் காந்தி. அவர் தங்கியிருந்த பிர்லா மாளிகை வாசலில் வந்து நின்று, "காந்தி சாகட்டும்" என்று கத்தினார்கள். அவர்களை அவர் ஒருநாளும் எதிரியாக நினைக்கவில்லை. அவர்களுடைய துக்கத்தையும் தன் துக்கமாகவே சுமந்தார். 20-ம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வைத்த மதன்லால் பஹ்வாவும் பஞ்சாபிலிருந்து வந்த அகதி இளைஞன்தான். அவனை வெறுக்க வேண்டாம், போலீஸ் அவனைத் துன்புறுத்த வேண்டாம் என்றார். பத்தே நாளில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தினமும் கீதையும் ராம நாமமும் ஓதிய மனிதரை, இந்து மதத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கொன்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது உங்கள் மூன்றாம் மாடிப் பெரியவருக்கு வருகிறேன். தீர்மானத்தை எழுதியவர் அவர்தான் என்றாய். அவர் குடும்பம் 1947-ல் முல்தானிலிருந்து ஓடிவந்தது, வழியில் அவர் பாட்டியை இழந்தார்கள் என்றும் சொன்னாய். அந்தச் சாவு பொய்யில்லை, கண்ணு. முதலில் அவர் வீட்டுக்குப் போ. அந்தக் கதையை அவரே சொல்லட்டும்; முழுவதும் கேள். நடுவில் குறுக்கிட்டு வரலாறு பேசாதே. வெறுப்பைப் பரப்புகிறவர்கள் அவர் வீட்டுத் துக்கத்தை எடுத்துத் தங்கள் அரசியலுக்கு முதலாக்கிக்கொண்டார்கள். அவருடைய துக்கத்தைத் துக்கமாகவே கேட்பதற்கு ஆள் வராமல் போயிருக்கலாம். நீ போ.

பிறகு குருத்வாராவைப் பற்றிப் பேச்செடு. ஞாயிறுதோறும் பங்களா சாகிப்புக்குப் போய், வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து வைக்கிற மனிதர் அவர் என்று நீதானே சொன்னாய்? அது யாருடைய செருப்பு என்று அவர் பார்ப்பதில்லை. குருத்வாராவின் இலவசப் பந்தியான லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் பெயரையும் கேட்பதில்லை. அந்தக் கையால்தான் இந்தத் தீர்மானத்தையும் எழுதியிருக்கிறார். அவரிடம் இருக்கிற அந்த நல்ல மனிதரைப் பார்த்துப் பேசு. நம் வடலூர் தருமசாலையைப் பற்றியும் சொல். 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்துவருகிறோம் என்று சொல். தைப்பூசத்துக்கு முன்னால் நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பூசணியும் கத்தரியும் நறுக்கிக் கொடுக்கப் போவோமே, நீயும் சின்ன வயதில் கூடை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். பந்தியில் உட்கார்ந்தவரிடம் நீ யார், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" என்பதுதான் அங்கே கேட்கிற கேள்வி. வாடிய பயிரைக் கண்டே வாடியவர் போட்ட வழி அது. பசித்தவனுக்குச் சோறு போடுவதில் பங்களா சாகிப்பும் வடலூரும் ஒன்றுதான். அது அவருக்குப் புரியும்.

ஒன்று மட்டும் செய்யாதே: "எங்கள் தமிழ்நாட்டில் இதெல்லாம் கிடையாது" என்று ஆரம்பிக்காதே. 1997 நவம்பரில் கோவையில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று அதே ஊரில் குண்டு வைத்து 58 உயிர்களை எடுத்தார்கள். இரண்டிலும் செத்தவர்கள் நம் ஜனங்கள்தான். பெருமை பேசினால் பெரியவர் கதவைச் சாத்திவிடுவார், அது நியாயமும்கூட.

நம் சாமியை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் இதை எதிர்க்க முடியும் என்று உன் நண்பர்கள் சிலர் நினைப்பதாகச் சொன்னாய். எனக்கு அதில் சம்மதமில்லை. நான் முருகனைக் கும்பிடுகிறவள். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில், கங்கை நீரைக் காவடியாகத் தூக்கிவரும் பக்தர்கள் போகிற வழியில், கடைக்காரர்கள் எல்லாரும் தங்கள் பெயரை எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது; என்ன உணவு என்று எழுதினால் போதும் என்றது. நாமும் பழநிக்குக் காவடி தூக்கியிருக்கிறோம். வழியில் தண்ணீர் கொடுத்தவரிடம் பெயர் கேட்டா குடித்தோம்? என் பக்தியின் பேரில் ஒருவரின் பிழைப்பைக் கெடுக்க எவருக்கும் நான் அதிகாரம் கொடுக்கவில்லை. நீயும் அப்படியே சொல்: "நான் இந்து, என் பெயரில் இதைச் செய்யாதீர்கள்." அதைச் சொல்ல உனக்குத் தெரிந்த இந்தி போதும்.

கூட்டம் ஞாயிறு என்றால் சனிக்கிழமை மாலையே பெரியவர் வீட்டுக்குப் போய்விடு. போன வாரம் அனுப்பிய முறுக்கில் மீதி இருந்தால் எடுத்துப் போ. கூட்டத்தில் தோற்றாலும் சண்டை போட்டுக்கொண்டு வராதே. உன் எதிர்ப்பு பதிவாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வண்டியை வாசலில் நிறுத்தினால், நீ வாசலுக்கு நடந்து போய் அவரிடமே காய்கறி வாங்கு. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களையும் அழைத்துப் போ. அவர் பெயர் என்னவென்று உனக்குத் தெரியாது என்றாயே, நாளைக்கே கேட்டு எனக்கு எழுது.

அப்பா நலம்.

அன்புடன்,
அம்மா