டிரக் கேம்பருக்கு மின்சார ஜாக்கி தேவையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிரக் கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தளத்தில் ஏற்றிவைக்கும் தங்கும் அறை; நான்கு மூலைகளிலும் உள்ள ஜாக்கிகளால் தூக்கித்தான் அதை இறக்கி ஏற்ற வேண்டும். கேம்பரை வண்டியிலேயே விட்டுவைப்பவருக்கு மின்சார ஜாக்கி வீண் செலவு. தனியாளாக அடிக்கடி இறக்கி ஏற்றுபவருக்கு அவசியம். கையால் சுற்றும் கைப்பிடி ஜாக்கியில் மூலைக்குச் சில சுற்றுகள் வீதம் நான்கையும் மாறி மாறிச் சுற்ற வேண்டும். ஒரு மூலை மட்டும் அதிகம் உயர்ந்தால் கேம்பரின் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். மின்சார ஜாக்கி நான்கையும் சேர்த்தே தூக்கும். ஆனால் மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இடையிடையே நிறுத்தி மட்டம் பார்த்தே ஆக வேண்டும். கேம்பரின் முன்பக்கம் மட்டும் சற்று உயர்ந்தே இருக்கட்டும். 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் திணறும், ஆகவே கைப்பிடி எப்போதும் உடனிருக்க வேண்டும். ஈரம் புகுந்து இணைப்புகளில் களிம்பேறுவதும் உண்டு. செலவைக் குறைக்க, கைப்பிடி ஜாக்கியையே தகுந்த இணைப்புத் துண்டு (அடாப்டர்) மாட்டி கார்ட்லெஸ் டிரில்லால் மெதுவாகச் சுழற்றலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்