ஏழு நாடா, இரண்டு நாடா: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதமும், டூர் கம்பெனி கொடுத்த பயணத் திட்டமும் கிடைத்தன. தங்கை வசந்தா இப்போது வலியில்லாமல் மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும்தான் மனது லேசானது. இங்கே எல்லோரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் பகலில் வீடு அமைதியாக இருக்கிறது. உன் கேள்விக்கு நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ஐரோப்பாவில் ஏழு நாட்டை 12 நாளில் காட்டும் குரூப் டூரில் போவதா, நாமே போவதா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தத் திட்டத்தில் "பாரிஸ் – லூசெர்ன்" (சுவிட்சர்லாந்து ஊர்) என்று ஒரே வரியில் போட்டிருக்கும் நாளைப் பார். சாலை வழியாக அது 600 கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பாவில் கோச் (டூர் பஸ்) டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். வேலை முடிந்தபின் பொதுவாக 11 மணி நேர ஓய்வு. எல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும், மீறினால் அபராதம். அதனால்தான் முந்தின இரவு சாப்பாட்டுக்குப் போன குழு தாமதமாகத் திரும்பினால் மறுநாள் காலை வண்டி தாமதமாகக் கிளம்பும், ஏதாவது ஓர் இடம் "போட்டோ ஸ்டாப்" ஆகச் சுருங்கும். இதில் டூர் மேனேஜர்மேல் தப்பே இல்லை. ஏழு நாட்டை 12 நாளில் அடைத்தவர்கள் முன்கூட்டியே செய்துவைத்த முடிவு அது. அந்தத் திட்டத்தில் பேனாவால் மூன்று விதமாகக் குறித்துப் பார்: உள்ளே போய்ப் பார்ப்பது, வெளியிலிருந்து பார்ப்பது, வண்டியிலிருந்தே பார்ப்பது. உள்ளே போகும் இடங்கள் எவ்வளவு குறைவு என்று உனக்கே தெரிந்துவிடும்.

உனக்கும் வசந்தாவுக்கும் நான் சொல்வது: சுவிட்சர்லாந்து, இத்தாலி இரண்டு நாடு போதும், நீங்களே போங்கள். இந்த இரண்டிலும் ரயில்தான் ராஜா. விமான டிக்கெட்டை "மல்டி சிட்டி" என்று போட்டு, போகும்போது சூரிக், திரும்பும்போது ரோம் என்று ஒரே பி.என்.ஆரில் வாங்கு. வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கி நடுவில் விமானம் மாறப் பார்க்காதே. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது.

லூசெர்னில் ஐந்து இரவு, ஃபுளோரன்ஸில் இரண்டு, ரோமில் நான்கு. லூசெர்னிலேயே ஒரே அறையில் தங்கிக்கொண்டு தினமும் ஒரு பக்கம் போய் வரலாம், பெட்டியை அவிழ்த்துக் கட்டும் வேலை கிடையாது. 6 நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கினால் ரயில், ஏரிப் படகு, ஊர் பஸ் எல்லாம் அதிலேயே அடங்கும். ரிகி மலைக்குத் தனியாகக் காசு வேண்டாம். படகில் விட்ஸ்நாவ் போய் அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ஏறலாம். 1871-இல் ஓட ஆரம்பித்த அந்தப் பாதைதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். டிட்லிஸ் மலைக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக் என்ற மலை ரயில் நிலையத்துக்குப் பாஸ் முழு வழிக்கும் செல்லாது, மேல் பகுதிக்குத் தள்ளுபடி மட்டும்தான். அது 3,454 மீட்டர் உயரம், உனக்கு பி.பி. இருப்பதால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதே.

நாமே போவதில் பெரிய லாபமே இந்த மலைகளில்தான். காலையில் மலையுச்சி வெப்கேமராவைப் பார்த்து, மேகம் மூடியிருந்தால் அன்றைக்கு லூசெர்னில் இருந்துவிட்டு மறுநாள் ஏறலாம். குழுவுக்கு அச்சிட்ட தேதிதான். மேலே போய் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குகிற குழுக்கள் எத்தனையோ.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். கோச்சில் பெட்டியை வண்டியின் அடியில் போட்டுவிடலாம், ரயிலில் நாமேதான் தூக்க வேண்டும். ஆளுக்கு 10 கிலோவுக்குள், சக்கரம் வைத்த ஒரே பெட்டி. வசந்தாவின் முழங்காலுக்கு இது முக்கியம். ஃபுளோரன்ஸ் போகும் வழியில் மிலானில் ரயில் மாறும்போது ஒரு மணி நேர இடைவெளி வை. மலிவான அதிவேக ரயில் டிக்கெட்டை மாற்ற முடியாது. முதல் ரயில் பிந்தினால் காசு போச்சு.

சாப்பாட்டுக்காகத்தான் பாதிப் பேர் குழுவில் சேர்கிறார்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் அந்தக் கவலை தீரும். சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது. பால் பொருள்களை நம் நாட்டிலிருந்து கொண்டுபோகத் தடை. இத்தாலியில் பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்ப்பார்கள். வசந்தா கேட்டுத்தான் சாப்பிடுவாள் என்பதால் சொல்கிறேன். மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது.

ரோமில் மட்டும் சில மணி நேரம் ஆள் வேண்டும். கொலோசியத்துக்கும் வாடிகன் அருங்காட்சியகத்துக்கும் உரிமம் பெற்ற கைடோடு போகும் சிறு குழு டிக்கெட் வாங்கு. விளக்கம் இல்லாமல் பார்த்தால் அங்கே கல்லும் சுவரும்தான் தெரியும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடல். கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது, அன்றைக்குப் போகாதே.

விசாவில்தான் நிறைய பேர் தடுக்கிவிழுகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான்; அதிக இரவு எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான் சொன்ன கணக்கில் இத்தாலியில் ஆறு இரவு, ஆகவே இத்தாலி. கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது செல்லுமா என்று பாலிசியில் படித்துப் பார். ஹோட்டல், விமானம், காப்பீடு மூன்றிலும் தேதி ஒத்துப்போகவில்லையென்றால் சந்தேகப்படுவார்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களாகவே போடு. குழுவில் போனாலும் கைரேகை கொடுக்க நீங்களே போக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பேக்கேஜில் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டக்கூடாது.

பேக்கேஜ் விலையின் மேல் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வாங்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்து போகும். அங்கே கார்டு தேய்க்கும்போது "ரூபாயா, யூரோவா" என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடு. ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலைதான்.

உன் அண்ணன் கைலாஷ் மானசரோவர் போக நினைப்பதாக எழுதியிருந்தாய். அதற்குக் குழுதான், வேறு பேச்சே இல்லை. சீன அனுமதியே குழுவாகத்தான் கிடைக்கும். 80 வயதில் தனியாகக் கிளம்புகிறவருக்கும் குழுவைத்தான் சொல்வேன். உங்கள் இருவருக்கும் அது தேவையில்லை.

உங்கள் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். மே மாதம் என்றால் ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடு, கோடையில் கிடைக்காது. திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு பாஸ்போர்ட்டிலும் மூன்று மாதமாவது செல்லுபடி இருக்கிறதா, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுது. ரயில் நேரங்களை நான் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கணேசன்