லோக்கல் வழுதானே என்று விடாதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, உப்புவெளிப் பக்கம் ஒரே புழுதி.

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. "லோக்கல் டினையல் ஆஃப் சர்வீஸ்தானே, வெளியே இருந்து ஒருவனும் வர ஏலாது, கேர்னல் அப்டேட்டைப் பிறகு பார்க்கலாம்" என்கிறாய். அதாவது உள்ளே கணக்கு உள்ளவனால்தான் மெஷினை முடக்க முடியும், ஆகவே இயங்குதளத்தின் மையமான கேர்னலைத் திருத்த அவசரமில்லை என்பது உன் வாதம். நீ மட்டும் பாவிக்கிற லப்டொப் என்றால் சரி. நான் பார்த்துக்கொள்கிற பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே லினக்ஸ் சேர்வரில் உள்நுழைந்துதான் சி படிக்கிறார்கள். போன மாதம் பரீட்சைக்கு முந்தின பின்னேரம் அது அப்படியே நின்றுவிட்டது. திரை உறைந்து போய், கீபோர்டில் கேப்ஸ் லொக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னியது. கேர்னல் பேனிக், அதாவது கேர்னலே தொடர முடியாமல் நின்றுவிடுவது. சேமிக்காத வேலை எல்லாம் போய், ஒரு பிள்ளை அழுதேவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஒருவர் ஓட்டிப் பார்த்த சின்ன நிரல் பழைய கேர்னலில் இருந்த வழுவில் போய் முட்டியிருக்கிறது. திருத்தம் எப்போதோ வந்துவிட்டது, ரீபூட்டுக்கு நிர்வாகம்தான் இழுத்தடித்தது.

சாதாரண நிரல் தொடக்கூடாத முகவரியைத் தொட்டால் கேர்னல் அதை மட்டும் கொன்றுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். கேர்னலே தொட்டால் அதைப் பிடிக்க மேலே ஆளில்லை. சில நேரம் பதிவில் ஊப்ஸ் என்று எழுதிவிட்டு அப்போது ஓடிய அந்தப் புரொசஸை மட்டும் முடித்துத் தொடரும், ஆனால் அது அந்த நேரம் ஒரு லொக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பாவிக்க வைக்கிற பூட்டைப் பிடித்திருந்தால் அதற்காகக் காத்திருக்கிறவை ஒவ்வொன்றாகச் சிக்கிவிடும், மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று பிங் போட்டால் பதில் வரும், லொகின் மட்டும் வராது. இதுதான் எனக்குப் பேனிக்கை விடப் பயம்.

2004 ஜூனில் வந்த லினக்ஸ் கேர்னல் வழு நினைவிருக்கா? ரூட் என்கிற நிர்வாகி உரிமை தேவையில்லை, சின்ன சி நிரல் ஒன்று, சிக்னல் வந்தால் ஓடுகிற ஹேண்ட்லருக்குள் மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்கின் நிலையைச் சேமித்து மீட்கிற கட்டளைகள், அவ்வளவுதான். எக்ஸ்86 வகைப் புரொசஸர்களில் 2.4, 2.6 என்ற இரண்டு கேர்னல் வரிசைகளும் விழுந்தன.

நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டுகிற கன்டெய்னர் இருக்கிறது என்பாய். எல்லாக் கன்டெய்னருக்கும் கேர்னல் ஒன்றுதான் மச்சான், ஒன்றுக்குள் இருந்து விழுத்தினால் எல்லாம் போகும். தனக்கென்று சொந்தக் கேர்னல் உள்ள வெர்ச்சுவல் மெஷின் என்றால் பெரும்பாலும் அதோடு நிற்கும். தன்னையே பிரதி எடுத்துப் பெருகுகிற ஃபோர்க் பொம் வேறு கதை, அதை ஆளுக்கு இத்தனை புரொசஸ் என்று வரம்பு வைக்கிற யூலிமிட் அடக்கும். கேர்னல் வழுவுக்கு அப்டேட்தான் வழி.

இப்போது வார இறுதியில் ரீபூட் செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். பேனிக் வந்தால் 10 செக்கனில் தானே எழும்பும்படி வைத்தேன். தனக்குள் மட்டும் ரூட் போல நடக்க விடுகிற யூசர் நேம்ஸ்பேஸைச் சாதாரணக் கணக்குகள் உருவாக்குவதையும் மூடினேன், வலையமைப்புப் பகுதியின் நிறைய வழுக்கள் அந்த வழியால்தான் அவர்களுக்கு எட்டுகின்றன.

நிரல்களைத் தொகுக்கிற உங்கள் பில்ட் சேர்வரில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று பார். விட்டுப் போனவர்களுடையதை மூடு. கேர்னல் விழும்போது நினைவகத்தைப் பதிந்து வைக்கிற கேடம்பையும் போட்டுவை, விழுந்தால் காரணம் தேடலாம். என்ன கேர்னல் ஓடுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான், திருகோணமலை