இன்னும் விடவில்லையே

அன்பு நண்பா,

காலையில் எழுந்தால் தாடை இறுகி, வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை என்று எழுதியிருந்தாய். பகீரென்றது. போன வருடம் எனக்கும் இதே கதைதான். அப்போதே உனக்குச் சொல்லாதது என் தப்பு.

முதலில் பல் மருத்துவரைப் பார்த்துவிடு. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தாலும், தாடை மூட்டுக்குள் இருக்கும் வட்டு நழுவினாலும் இப்படிப் பூட்டிக்கொள்ளும். காய்ச்சலோ வீக்கமோ இருந்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

எனக்கு அதெல்லாம் இல்லை. மருத்துவர் என் கன்னத்தில் விரலை வைத்து, "பல்லைக் கடியுங்கள்" என்றார். தசை கல்லாகத் திரண்டது. "சரி, விடுங்கள்." விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "இன்னும் விடவில்லையே" என்றார்.

அப்பா படுக்கையில் கிடந்த மாதங்கள் அவை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன் என்போமே, அதை நான் நிஜமாகவே செய்திருக்கிறேன், பகலிலும் தூக்கத்திலும். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டவே கூடாதாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கவலையும் அடக்கிய கோபமும் அந்த இடைவெளியை மூடிவிடுகின்றன. தசை ஓய்வில்லாமல் இறுகி வலிக்கிறது. திறந்தால் வலிக்குமே என்று பயந்து இன்னும் இறுக்குகிறோம்.

மனசுதான் காரணம் என்பதால் வலி பொய்யாகிவிடாது. "எல்லாம் உன் நினைப்பு" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

அப்புறம், மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாயே. அவற்றில் சில பல் கடிப்பை உண்டாக்கும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேள், நீயாக நிறுத்திவிடாதே.

நான் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவைத்தேன். கண்ணில் படும்போதெல்லாம் உதடு மூடியபடி பல்லை மட்டும் பிரிப்பேன். முதல் நாள், பார்த்த ஒவ்வொரு தடவையும் பல் இறுகித்தான் இருந்தது. அதோடு வெந்நீர் ஒத்தடம், இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் உறை. வலுக்கட்டாயமாக மட்டும் திறக்கப் பார்க்காதே. இரண்டு மாதத்தில் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

தாடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அண்ணனோடு பேச்சே இல்லை என்பதை ஒரே வரியில் முடித்திருக்கிறாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது. என்ன நடந்தது? பேச வலித்தால் எழுது. எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்